முந்நூற்றுப் பன்னிரண்டு தலையெழுத்துகள்

கோஸ்கன்ரந்தா ஊரின் காகித ஆலையை மூடியபோது வேலைவாய்ப்பு அலுவலகம் ஹில்க்கா வௌஹ்கோனனுக்கு இரண்டு வழி காட்டியது. ஒன்று, முதியோர் இல்லத்தில் சமையல் உதவி. மற்றது, கணினிப் பழுதுபார்ப்பும் வலையமைப்பும் கற்றுத்தரும் ஐந்து மாதப் பயிற்சி. முடிவில் ஒரு தேர்வு, தேறினால் ஒரு சான்றிதழ். ஹில்க்காவின் கைச்சமையலைத் தொடர்ந்து சாப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் இப்போது கணவர் இல்லை. அவள் கணினியைத் தேர்ந்தெடுத்தாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் ஆலையின் கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனை ஓட்டியவள். இருபது டன் காகித உருளையைக் கோழி முட்டை வைப்பதுபோல் இறக்கி வைப்பாள். கீழே வேலை செய்யும் ஆண்களில் யாருக்கு எப்போது வழுக்கை விழத் தொடங்கியது என்பது அவரவர் மனைவிக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரியின் முதல் திங்களன்று தொழிற்பள்ளியின் இரண்டாம் மாடியில் பதினான்கு பேர் கூடினார்கள். எல்லோரும் ஆலைக்காரர்கள். ஆசிரியை யான்னிகாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஹெல்சிங்கியில் படித்தவள், வேகமாகப் பேசுபவள். பதினாறு பக்கக் கட்டு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தை மட்டும் கிள்ளியெடுத்துக் கோத்தது. சொற்களின் தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

"தேர்வு இங்கிலீஷ்லதான். ஃபின்னிஷ்ல மாத்த யாரும் மெனக்கெடல," என்றாள் யான்னிகா. "இந்தப் பேரெல்லாம் தெரியலைன்னா கேள்வியே புரியாது. இன்னைக்கு முழுசையும் ஒரு தடவ சத்தமா வாசிச்சுடறேன்."

வாசித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் பதினான்கு பேரும் தாள்களை மூடி வைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரெய்யோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நம்ம சங்கத்துப் பேரையும் இப்படித்தான் சுருக்கினோம். சுருக்கிச் சுருக்கி கடைசில ஆளே இல்லாமப் போச்சு."

இடங்களைப் பெயர்ப் பட்டியல்படி ஒதுக்கியிருந்தார்கள். பட்டியலில் கடைசி இரண்டு பெயர்கள் வௌஹ்கோனன் ஔவோ, வௌஹ்கோனன் ஹில்க்கா. விவாகரத்துக்குப் பிறகு பெயரை மாற்றினால் கிரேன் உரிமத்தையும் மாற்ற வேண்டும், அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று ஹில்க்கா அதை அப்படியே விட்டுவிட்டாள். இப்போது ஆலையும் இல்லை, கிரேனும் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சி, அவளைக் கொண்டுபோய் முன்னாள் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது.

"பக்கத்துல இருக்கறவங்கதான் உங்க ஜோடி," என்றாள் யான்னிகா. "தினமும் அரை மணி நேரம். ஒருத்தர் பேரைக் கேக்கணும், இன்னொருத்தர் விரிச்சுச் சொல்லணும்." பட்டியலைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "அட, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா? அப்போ வீட்டுலயும் சேந்து படிக்கலாமே!"

பன்னிரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள். வெகுநேரமாக அங்கே பனியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இல்லம்மா," என்றார் ரெய்யோ. "ஒரே வீட்டுல இருந்தாங்க. கேபிள் கழண்டு ஒம்பது வருஷம் ஆச்சு."

நடந்தது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் ஹில்க்கா நான்கு பக்கக் கடிதம் எழுதிச் சமையலறை மேசையில் வைத்து, அதன்மேல் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்துவிட்டு, யோவென்சூவில் இருக்கும் அக்கா சிர்க்கா வீட்டுக்குப் போனாள். பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்பித் தனி வீடு எடுத்தாள். இலையுதிர் காலத்தில் விவாகரத்துத் தாள்களை அனுப்பினாள். அவை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தன. அதன் பிறகும் இருவரும் அதே ஆலையில், அதே கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். அவள் மேலே, அவன் கீழே உருளை வெட்டும் இயந்திரத்தில். மேலே, கீழே, நிறுத்து என்று அவன் கையைக் காட்டுவான், அவள் செய்வாள். வருடத்தில் இருநூறு நாள் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆலையில் இதைக் காட்டிலும் குறைவாகப் பேசும் தம்பதிகளும் இருந்தார்கள் என்பதால் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஹில்க்கா தாளை எடுத்து எதிர்ச்சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பி.எஸ்.யு."

"பவர் சப்ளை யூனிட்," என்றான் ஔவோ.

"போஸ்ட்."

"பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட். கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சதும் கை கால் எல்லாம் இருக்கான்னு தடவிப் பாக்கறது."

"அந்த ரெண்டாவது வரி தாள்ல இல்ல."

"அந்தப் பொண்ணு சொன்னா." சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "நானும் காலைல அதத்தான் பண்றேன்."

ஒன்பது வருடத்தில் அவன் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் செய்தி அது. ஹில்க்கா அடுத்த பெயருக்குப் போனாள்.

பிப்ரவரி முடிவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது: ஔவோ வௌஹ்கோனனுக்குப் பதினாறு பக்கமும் மனப்பாடம். எதைக் கேட்டாலும் சொன்னான். டி.எச்.சி.பி. என்றால், வலைக்குள் புதிதாக வரும் கணினிக்கெல்லாம் முகவரி கொடுக்கிற ஏற்பாடு என்பதோடு, அது விரியும் நான்கு ஆங்கிலச் சொற்களையும் மாதாகோயில் பாட்டுப்போல் இழுத்துச் சொன்னான். ஹில்க்காவோ நேஸ் என்பதை நாட் என்றாள், நாட் என்பதை நிக் என்றாள். அவள் தவறாகச் சொல்லும்போதெல்லாம் அவன் "இல்ல" என்பான். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டான். ரெய்யோ அவனுக்குப் 'பேராசிரியர்' என்று பட்டம் சூட்டினார்.

"பேராசிரியரே, காபி இயந்திரம் ஓடல. அதுக்கு என்ன சுருக்கம்?"

"பிளக் மாட்டல," என்றான் ஔவோ. உண்மையில் மாட்டித்தான் இருக்கவில்லை.

மார்ச் நடுவில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். தாளில் தொண்ணூறு கேள்வி, தொண்ணூறு நிமிடம். ஹில்க்காவுக்கு ஐம்பத்தெட்டு சரி. ரெய்யோவுக்கு நாற்பத்தொன்று. ஔவோவுக்குப் பதினேழு.

"பதினேழா!" என்று ரெய்யோ நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "பேராசிரியரே, ஆலைப் பூனைய உக்கார வச்சாலே இருவது வாங்குமே."

"பதட்டமா இருந்துச்சா?" என்று யான்னிகா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா," என்றான் ஔவோ. விடைத்தாளை நான்காக மடித்தான்.

மடிக்கும் முன் ஹில்க்கா அதைப் பார்த்துவிட்டாள். முதல் இருபத்திரண்டு கேள்விக்கு விடை குறித்திருந்தான். இருபத்து மூன்றிலிருந்து தாள் வெள்ளையாகக் கிடந்தது. இருபத்திரண்டில் பதினேழு சரி. தூரத்தையும் எடையையும் கண்ணால் கணக்குப் பார்த்தே காலம் தள்ளியவளுக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. தெரியாதவன் விட்ட இடம்போல் அது இல்லை. நேரம் போதாதவன் விட்ட இடம்போல் இருந்தது.

மறுநாள் அவன் கேட்கும் முறை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்தபடிதான் கேட்டான்.

"ஏ.ஆர்.பி."

அவள் பதில் சொன்னாள். அடுத்ததைக் கேட்டான். அதற்கும் சொன்னாள். பிறகு எட்டிப் பார்த்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தது நான்காம் பக்கம். கையில் இருந்தது ஒன்பதாம் பக்கம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பதினேழு வருடக் குடும்ப வாழ்க்கையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சலவை இயந்திரம் வாங்கினார்கள்; விளக்கப் புத்தகத்தை "நீ படி, என் கண்ணாடி கார்ல இருக்கு" என்றான். வங்கியில் கண்ணாடி காரில் இருந்தது. பதினேழு வருடமும் கண்ணாடி காரில்தான் இருந்தது. உணவகத்தில் உணவுப் பட்டியலைத் திறக்காமலே இறைச்சி உருண்டை கேட்பான். அது இல்லாத இடத்தில் "அவ சாப்பிடறதே எனக்கும்" என்பான். அதை அவள் ஒருமுறை அன்பு என்று நினைத்து, அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். உருளைக்கிழங்கு தேவைக்கு மேல் இரண்டு கிலோ உரிந்துவிட்டிருந்தது.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். ஔவோ எப்போதும் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். கார் ஜன்னலைத் தட்டினாள். அவன் காதிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தான். அவன் போனிலிருந்து யான்னிகாவின் குரல் கேட்டது. முதல் நாள் அவள் வாசித்த ஒன்றரை மணி நேரத்தையும் அவன் பதிவு செய்து வைத்திருந்தான்.

ஹில்க்கா உள்ளே உட்கார்ந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கேண்டீனிலிருந்து எடுத்து வந்த துண்டறிக்கை ஒன்றை அவன் மடியில் வைத்தாள்.

"படி."

"கண்ணாடி..."

"கார்லதான இருக்கு? நாம கார்லதான் இருக்கோம்."

அவன் முன்பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்தான். அது மெய்யாகவே அங்கே இருந்ததில் ஹில்க்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. போட்டுக்கொண்டான். துண்டறிக்கையை வெகுநேரம் பார்த்தான். வாய் மெல்ல அசைந்தது. கழுத்து சிவந்தது. போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. பிறகு அதை நினைத்துப் பலமுறை வெட்கப்பட்டாள்.

"ஈஸ்டர்... சந்தை," என்றான் கடைசியில். "எழுத்து நிக்க மாட்டேங்குது. ஓடுது. எப்பவுமே அப்படித்தான். மெதுவாப் போனா ஒண்ணொண்ணாப் புடிச்சுடுவேன்."

"யாருக்குத் தெரியும்?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்கல." வெளியே பார்த்தான். "இப்போ உனக்கு."

கார் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஹில்க்கா கையுறையைக் கழற்றினாள், போட்டாள்.

"நான் எழுதி வச்சுட்டுப் போன கடிதம்?"

"முதல் வரி படிச்சேன்."

"என்ன இருந்துச்சு முதல் வரில?"

"'ஔவோ, நான் போறேன்.'"

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நாலு பக்கம் இருந்துச்சு," என்றான் ஔவோ. "சாஞ்ச கையெழுத்து."

அவள் காரைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் வகுப்பில் அவனிடம் சுருக்கப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் தான் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. அவன் கல், கல்லைக்கூடச் சூடாக்கினால் வெடிக்கும், இவன் அதுவும் செய்யமாட்டான் என்று ஒன்பது வருடம் சொல்லியிருக்கிறாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோபம் அவன்மேலா தன்மேலா என்று பிரிக்கப் பார்த்தாள். இரண்டும் ஒரே சாக்கில் கிடந்தன.

வியாழக்கிழமை கேண்டீனில் பட்டாணி சூப். அவள் தட்டோடு உட்கார்ந்ததும் ஔவோ வந்து பக்கத்தில் நின்றான்.

"கார்ல இருக்கு," என்றான்.

"என்ன? கண்ணாடியா?"

"கடிதம்."

சூப்பை வைத்துவிட்டுப் போனாள். முன்பெட்டியில் கார்ப் பதிவுத் தாள்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில், நான்கு பக்கமும் இருந்தன. நடுவில் அவன் இரண்டு கார் மாற்றியிருந்தான். உறையை அவள் மடியில் வைத்துவிட்டுக் கைகளைச் சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டான், எங்கேயோ ஓட்டிப் போகப்போவதுபோல.

"படி."

"இப்போவா?"

"நாப்பது நிமிஷம் இருக்கு."

அவள் வாசித்தாள். தன் எழுத்தே தனக்கு அந்நியமாக இருந்தது. முதல் பக்கம் யோவென்சூ பஸ் எத்தனை மணிக்கு, குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது என்பதோடு போனது. இரண்டாம் பக்கத்தில் பித்தப்பை அறுவை சிகிச்சை. 'ஆறு நாள் தினமும் வந்தாய். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி நீ சவப்பெட்டிக் கடையிலிருந்து அளவெடுக்க வந்தவன் என்று நினைத்தாள்.'

"அந்தப் பொம்பள என்கிட்டயே கேட்டா," என்றான் ஔவோ. "இல்லைன்னு சொன்னேன்."

மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லில் தடுக்கினாள். "இது என்ன வார்த்தைன்னே புரியல."

"என்னையா கேக்குற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மேலே போனாள். ஏரிக்கரைக் குடிசையின் கூரை ஒழுகுகிறது என்று மூன்று கோடையாகச் சொன்னது. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரே சத்தம் கரண்டிச் சத்தமாக இருப்பது. பிறகு நான்காம் பக்கத்தின் அடி. அங்கே வந்ததும் குரல் தானாகவே இறங்கியது.

"'ஞாயிற்றுக்கிழமை வரை சிர்க்கா வீட்டில் இருப்பேன். நான் வேண்டுமென்றால் வந்து கூட்டிக்கொண்டு போ. நீ எதுவும் சொல்ல வேண்டாம். காரைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் போதும்.'"

ஔவோ சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்தான். ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது.

"கார் ஓடற நிலைமைலதான் இருந்துச்சு," என்றான்.

முன்கண்ணாடியைக் கையால் துடைத்தான். பிறகு அவன் மறுபடி பேசினான்.

"கூரை விஷயம் தப்பு. ரெண்டு கோடை."

"மூணு."

"மூணாவது கோடைல நான் மாத்திட்டேன். ஜூன்ல. தகரம் போட்டேன்."

"நீ மாத்தினது எனக்கு எப்படித் தெரியும்? சொன்னியா?"

"நீ வந்து பாக்கல."

"பதினேழு வருஷம்!" ஹில்க்கா கத்தினாள். கத்துவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "பதினேழு வருஷத்துல 'ஹில்க்கா, எனக்குப் படிக்க வராது'ன்னு நாலு வார்த்த சொல்ல வாய் வரலையா? நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா? என்னை முட்டாளாக்கி வச்சிருக்க!"

"நீ நாலு பக்கம் எழுதறதுக்குப் பதிலா ஒரு தடவ வாயால சொல்லியிருக்கலாம்!" இப்போது அவனும் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவன் குரல் மேலே போகும்போது கொஞ்சம் பிசிறடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. "நான் அங்கதான இருந்தேன்! எதுத்தாப்புல! கரண்டியோட!"

"சொன்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்லியிருக்க மாட்டேன்! ஆனா காதுல விழுந்திருக்கும்!"

மருத்துவமனையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அவள் அம்மாவைப் பற்றிப் போட்டார்கள். அவனுடைய படகை, அவளுடைய அக்காவை, வேண்டாம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லாததால் அவள் வாங்கிவிட்ட மஞ்சள் திரைச்சீலையை ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டுச் சண்டை போட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் போட்டிருக்க வேண்டியது. தேக்கி வைத்ததால் அளவு கூடியிருந்தது. ஜன்னலை யாரோ தட்டினார்கள். ரெய்யோ.

"வகுப்பு ஆரம்பிச்சு கால் மணி நேரமாச்சு," என்றார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டாம் மாடி வரைக்கும் கேக்குது. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீங்க முடிச்சுட்டே வாங்க."

தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. படிப்பதில் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனி அறையும் அரை மடங்கு கூடுதல் நேரமும் உண்டு என்று ஹில்க்கா விசாரித்து வைத்திருந்தாள். யாருக்கென்று மட்டும் சொல்லவில்லை.

"நீயே யான்னிகாகிட்ட சொல்லிடேன்," என்றான் ஔவோ.

"மாட்டேன். இனிமே உனக்குப் பதிலா நான் எதையும் படிக்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன்."

"அம்பத்தஞ்சு வருஷமா யாருக்கும் தெரியாது."

"அப்போ பதினேழு மார்க் வாங்கு."

அன்று வகுப்பு முடிந்ததும் அவன் ஆசிரியை மேசைக்குப் போனான். ஹில்க்கா தாழ்வாரத்தில் கோட்டுப் பொத்தான்களை மிக மெதுவாகப் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் முதலில் ஏரிப் பனிக்கட்டி இந்த வருடம் எத்தனை சென்டிமீட்டர் என்று பேசினான். பிறகு கோடைக்கு எப்போது டயர் மாற்றலாம் என்று பேசினான். பதினோரு நிமிடம் போனது. பிறகுதான் சொன்னான்.

"அவ்வளவுதானா?" என்றாள் யான்னிகா. "எங்கண்ணனுக்கும் இருக்கு. ஒண்ணும் பிரச்சன இல்ல. ஒரு விண்ணப்பம் நிரப்பினாப் போதும்." இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

படிக்கச் சிரமப்படுபவர்களுக்கான அந்த விண்ணப்பம் ஆறு பக்கம் இருந்தது. பொடி எழுத்து.

ஔவோ அதைப் பார்த்தான். யான்னிகாவும் அதைப் பார்த்தாள். பிறகு அவள் எழுந்து கதவைப் பாதி சாத்திவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாதிச் சாத்திய கதவு வழியே முதல் கேள்வியை அவள் சத்தமாக வாசிப்பது கேட்டது. ஹில்க்கா கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மே மாதம் பதினான்காம் தேதி குவோப்பியோ நகரத்தில் தேர்வு. பஸ் நேரம் ஒத்துவராததால் அவன் காரிலேயே போனார்கள். அவளுக்குத் தொண்ணூறு நிமிடம். அவனுக்குத் தனி அறையில் நூற்று முப்பத்தைந்து. அவள் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கையில் மடித்த முடிவுத் தாளோடு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். தேறத் தொள்ளாயிரத்துக்கு எழுநூறு வேண்டும். அவளுக்கு அறுநூற்று எண்பத்தொன்பது.

ஔவோ வந்தான். தாளை அவளிடம் நீட்டினான்.

"எண் எல்லாம் நிக்குது," என்றான். "எண்ணு எப்பவும் ஓடாது. ஆனா சரிதானான்னு பாரு."

எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"சரிதான்," என்றாள். தன் தாளைக் காட்டினாள்.

அவன் அதையும் வெகுநேரம் பார்த்தான். "தப்பாப் போட்டிருப்பாங்க," என்றான்.

அறுபது கிலோமீட்டர் அவள் பேசவில்லை. அவனும் பேசவில்லை, ஆனால் பேசாமலிருக்க அவன் சிரமப்படுவது இந்த முறை அவளுக்குத் தெரிந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமினான். ஒருமுறை தேவையில்லாமல் மழைநீர்த் துடைப்பானை ஓட்டினான், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இரண்டு காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கி வந்தான். அவளுக்குப் பெரிய ரொட்டியைக் கொடுத்தான்.

"எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்கு," என்றாள் ஹில்க்கா.

"தெரியுது."

"நீ பாஸானதுக்கு இல்ல. கொஞ்சம் அதுக்கும்தான்."

"சரி."

"வேற ஏதாவது சொல்லு."

ஔவோ யோசித்தான். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "உன்கூட உக்காந்து படிச்சது நல்லா இருந்துச்சு," என்றான். "நான் தப்பா ஏதும் சொல்லிடலையே?"

"இல்ல," என்றாள். ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

கோடை முழுக்க அவன் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டான். அவள் நேஸையும் நாட்டையும் குழப்பும்போது இப்போது "இல்ல" என்பதோடு நிறுத்தவில்லை. வீட்டுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் வெளியே ஒரே முகவரியாகக் காட்டுவது நாட், எல்லோருடைய சாமானையும் வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு நேஸ் என்று சொல்லிக்கொடுத்தான். ஆகஸ்டில் அவள் எழுநூற்று நாற்பத்து மூன்று வாங்கினாள். ரெய்யோ தேர்வு எழுதவே போகவில்லை; நகராட்சிப் படகுத்துறையில் வேலை கிடைத்து, சுருக்கப் பெயர் எதுவும் இல்லாத இடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஔவோவுக்கு ஊர்ப் பள்ளிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் பிடுங்கிய விசைகளை மாட்டுவதும், பிடுங்காத கம்பியைப் பிடுங்கி மாட்டுவதும்தான் அதில் முக்காலும். ஹில்க்காவுக்கு வேலை குவோப்பியோவில், தொலைபேசி உதவி மையத்தில். ஊரைவிட்டுப் போக வேண்டும். சொன்னபோது ஔவோ தலையசைத்தான். பிறகு, தலையசைப்பு போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், "எனக்கு அது பிடிக்கல. ஆனா நீ போ," என்றான்.

செப்டம்பர் சனிக்கிழமை ஒன்றில் இரவல் வேனில் சாமானை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. பெட்டிகள், கட்டில், மேசை எல்லாம் போய்விட்டன. சோபா மட்டும் கதவுக்குள் நுழையவில்லை. நேராகப் பார்த்தார்கள், குறுக்கே பார்த்தார்கள். ஹில்க்கா மேற்படியில் நின்று, மேலே, கீழே, இடது என்று சொன்னாள். அவன் தோள் கொடுத்தான். நான்கு சென்டிமீட்டர் இடித்தது. கடைசியில் அதைப் படிக்கட்டுத் தளத்திலேயே இறக்கி வைத்துவிட்டு இருவரும் அதன்மேல் உட்கார்ந்து, குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டார்கள்.

மேல் வீட்டுக்காரர் பையோடு ஏறி வந்தார். சோபாவைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"இது இங்கயேதான் இருக்குமா?"

ஹில்க்கா பதிலுக்கு வாய் திறப்பதற்குள் ஔவோ முந்திக்கொண்டான்.

"சோபாவோட கால அளந்து பாக்கணும்," என்றான். "காலக் கழட்டினா நுழைஞ்சுடும்னு நினைக்கிறேன். கழட்டற ஸ்பானர ஊர்ல விட்டுட்டேன். அடுத்த சனிக்கிழம கொண்டு வரேன்." அவளைத் திரும்பிப் பார்த்தான். "வரலாம்ல?"

"வா," என்றாள் ஹில்க்கா.

மேல் வீட்டுக்காரர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, சோபாவுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து மேலே போனார்.